ஐனு மக்களின் முன்னோர் சடங்கும் போரில் மாண்டவர்களுக்கான படையலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானின் வடக்கில் இருக்கும் ஹொக்கைடோ தீவுக்கும் அங்கு வாழும் ஐனு மக்களுக்கும் சுற்றுலா விளம்பரங்களில் கிடைக்கும் இடம் கொஞ்சம்தான். பனி, கரடி பொம்மை, மரச் சிற்பம் என்று அது முடிந்துவிடும். ஐனு மக்கள் தங்கள் இறந்தவர்களை, அதிலும் ஜப்பானியரை எதிர்த்து நின்று கொல்லப்பட்டவர்களை, எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

ஐனு மக்கள் யார்? இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்?

ஹொக்கைடோ, சகலின், குரில் தீவுகள், ஹொன்ஷூ தீவின் வடமுனை ஆகிய இடங்களின் பூர்வகுடிகள். வேட்டை, மீன்பிடிப்பு, காட்டில் கிழங்கும் கீரையும் சேகரிப்பது, சிறுதானியப் பயிர், அதோடு ஜப்பானுடனும் சீனப் பக்கத்துடனும் வணிகம் என்று வாழ்ந்தவர்கள். ஹொக்கைடோ நிர்வாகம் 2017இல் எடுத்த கணக்கில் 13,118 பேர் பதிவானார்கள். உண்மையான எண்ணிக்கை இதைவிட அதிகமாகத்தான் இருக்க வேண்டும். பாகுபாட்டுக்குப் பயந்து தன்னை ஐனு என்று சொல்லிக்கொள்ளாதவர்கள் உண்டு. ஹொக்கைடோவுக்கு வெளியே, டோக்கியோ போன்ற ஊர்களில் வாழ்பவர்கள் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

அவர்களின் வழிபாட்டில் தெய்வம் யார்?

கமுய் என்று சொல்வார்கள். கரடி, ஆந்தை, கடலில் ஓர்க்கா திமிங்கிலம், நெருப்பு, தண்ணீர், செடி, அம்மை நோய்கூட கமுய்தான். கமுய்கள் தங்கள் உலகத்தில் மனித உருவில் வாழ்கின்றன; இங்கே வரும்போது கரடித் தோலையோ மீன் உடலையோ போர்த்திக்கொண்டு வருகின்றன என்பது நம்பிக்கை. மனிதன் இறைச்சியையும் தோலையும் பெற்றுக்கொள்கிறான். பதிலுக்கு மதுவும் படையலும் வேண்டுதலும் கொடுத்து மரியாதையோடு திருப்பி அனுப்புகிறான். கொடுக்கல் வாங்கல் சரியாக இருக்கும்வரை உறவு நிலைக்கும். கமுய் தன் கடமையில் தவறினால் மனிதன் அதைக் கண்டித்துப் பேசவும் செய்வான்.

எல்லாச் சடங்குக்கும் முதல் மரியாதை அடுப்பு நெருப்பில் வாழும் மூதாட்டி அபெ ஃபுச்சி கமுய்க்குத்தான். அவள்தான் தூது. அவளிடம் சொல்லாமல் வேறு எந்தக் கமுய்க்கும், எந்த முன்னோருக்கும் செய்தி போய்ச் சேராது.

முன்னோருக்கான சடங்கு எப்படி நடக்கும்?

அதன் பெயர் இச்சர்பா. சில ஊர்களில் சின்னுரப்பா என்பார்கள். தனியாக ஒரு நாள் குறித்தும் செய்வார்கள், பெரிய சடங்குகளின் பகுதியாகவும் செய்வார்கள்.

வேலை பல நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடும். பெண்கள் தினைவகைச் சிறுதானியத்தில் தொனோதோ என்ற மதுவைக் காய்ச்சுவார்கள். ஆண்கள் இனாவ் செதுக்குவார்கள். இனாவ் என்பது வில்லோ மரக்குச்சி. பட்டையை உரித்துக் காயவைத்து, கத்தியைக் குச்சியின் நீளத்துக்கு ஒரே சீராக இழுப்பார்கள். மெல்லிய சீவல் சுருண்டு சுருண்டு எழும். அதைத் துண்டாக விழவிடக் கூடாது. ஒரு நுனி குச்சியிலேயே ஒட்டியிருக்க வேண்டும். அப்படி நூற்றுக்கணக்கான சுருள்கள் சேர்ந்து, வெள்ளைச் சடைபோலத் தொங்கும். சிலவற்றில் சுருள்களை முறுக்கி விடுவார்கள், சிலவற்றில் அவிழ்த்து விடுவார்கள். எந்தக் கமுய்க்கு எந்த வகை என்று கணக்கு உண்டு.

சடங்கு நாளில் மூத்தவர் அடுப்பருகே அமர்வார். அரக்குப் பூசிய கிண்ணத்தில் மது. கிண்ணத்தின் மேல் குறுக்காக இகுபசுய் என்ற செதுக்கிய தட்டையான மரக்குச்சி. அதன் நுனியை மதுவில் தொட்டு, நெருப்பின் மேல் சொட்டு விடுவார். அடுப்பின் மூலையில் குத்தியிருக்கும் இனாவ் மேலும் விடுவார். வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். மனிதன் திக்கினாலும் ஏதாவது சொல்ல மறந்தாலும் இகுபசுய் அதைச் சரிசெய்து சொல்லிவிடும் என்பது நம்பிக்கை. இங்கே விடும் ஒரு சொட்டு, மறுஉலகில் ஒரு பீப்பாய் மதுவாகப் போய்ச் சேரும். 19ஆம் நூற்றாண்டில் வந்த வெளிநாட்டுப் பயணிகள் இதைக் குடிக்கும்போது மீசையைத் தூக்கிப் பிடிக்கும் கருவி என்று எழுதி வைத்தார்கள். பல அருங்காட்சியகங்களில் அந்தப் பெயரே வெகுகாலம் நின்றுவிட்டது. வேண்டுதலைச் சுமந்து போகும் ஒரு பொருளுக்கு நேர்ந்த பெரிய அவமதிப்பு அது.

இந்தப் பகுதிக்குக் கமுய் நோமி என்று பெயர். பழைய வழக்கப்படி ஆண்கள் நடத்துவது. அப்புறம்தான் இச்சர்பா. தட்டுகளில் கொழுக்கட்டை, சோறு, மீன், பழம், இனிப்பு, புகையிலை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வெளியே இருக்கும் முன்னோர் பலிமேடைக்குப் போவார்கள். நட்டு வைத்த இனாவின் அடியில் அமர்ந்து, உணவைக் கையால் பிட்டு, நொறுக்கி, இறந்தவரின் பெயரைச் சொல்லித் தூவுவார்கள். மதுவும் அதன் வண்டலும் வார்ப்பார்கள். இதில் பெண்களுக்குத்தான் பெரிய பங்கு. பாட்டியின் பெயரைச் சொல்லிவிட்டு, அவளுக்குப் பிடித்த மிட்டாயைத் தூவுகிறார்கள் என்றால் அது வெறும் பாவனை இல்லை. அங்கே அவளுக்கு அது கிடைக்கிறது, அதுவும் பல மடங்காக. அவள் அங்கே தன் பக்கத்து வீட்டாரோடு பகிர்ந்து சாப்பிடுகிறாள். பெயர் சொல்லிக் கொடுக்க ஆளில்லாத முன்னோர் அங்கே பட்டினி கிடப்பார் என்பதும் நம்பிக்கைதான்.

முடிந்ததும் விருந்து, பாட்டு, நடனம். பெண்கள் அரக்குப் பெட்டியின் மூடியைச் சுற்றி உட்கார்ந்து, அதைத் தட்டித் தாளமிட்டு உபோபோ பாடுவார்கள்.

இறந்த போர்வீரர்களைத் தெய்வமாகக் கும்பிடுகிறார்களா?

இல்லை. இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஷகுஷாயின் போன்ற தலைவர்களைப் பற்றிப் படிப்பவர்கள், வெற்றி முழக்கமும் வீர வணக்கமும் இருக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஐனு சடங்கில் நடப்பது வேறு. போரில் மாண்டவரும் முன்னோர்தான். வீட்டுப் பாட்டிக்குத் தூவும் அதே உணவு, அதே மது, அதே இனாவ். பகைவனைப் பழிவாங்க அவரை அழைப்பதும் கிடையாது. கொல்லப்பட்டவர்களில் பலருக்கு முறையான ஈமச்சடங்கு நடக்கவில்லை. சிலருக்குத் தலையும் உடலும் வெவ்வேறு ஊரில் கிடந்தன. அவர்களுக்கு வரவேண்டிய உணவும் பெயர் சொல்லி அழைக்கும் குரலும் இத்தனை காலம் கழித்தாவது போய்ச் சேரட்டும் என்பதுதான் உள்ளே இருப்பது.

அதே சமயம், இது அரசியல் இல்லாத சடங்கும் அல்ல. அரசு ஆவணங்களில் கலகக்காரர் என்று பதிவான ஒருவரை ‘எங்கள் முன்னோர்’ என்று பொதுவெளியில் பெயர் சொல்லி அழைப்பதே ஒரு நிலைப்பாடு.

ஷகுஷாயின் யார்?

இன்றைய ஷின்ஹிடாகா நகரத்தின் ஷிசுனை பகுதியில், அந்தக் காலத்தில் ஷிபுச்சாரி எனப்பட்ட இடத்தில் இருந்த ஐனு தலைவர். 1604இல் ஜப்பானின் ஆட்சியாளர் தொக்குகாவா இயெயாசு, ஐனு மக்களோடு வணிகம் செய்யும் தனியுரிமையைத் தெற்கு ஹொக்கைடோவை ஆண்ட மட்சுமே குடும்பத்துக்கு எழுதிக் கொடுத்தார். அதுவரை விருப்பப்பட்ட துறைமுகத்துக்குப் படகோட்டிப் பேரம் பேசியவர்கள், அதன்பிறகு வாசலுக்கு வரும் ஒரே வியாபாரியிடம் மாட்டிக்கொண்டார்கள். நூறு காய்ந்த சால்மன் மீனுக்குக் கிடைத்த அரிசி மூட்டையின் அளவு பாதிக்கும் கீழே போனது. ஆற்றுப்படுகைகளைத் தங்கம் அரிப்பவர்கள் கலக்கினார்கள். இதற்கிடையே ஷகுஷாயின் தரப்புக்கும் பக்கத்துத் தலைவர் ஒனிபிஷி தரப்புக்கும் வேட்டை, மீன்பிடி எல்லைகள் குறித்து நெடுநாள் பகை. 1668இல் ஒனிபிஷி கொல்லப்பட்டார். அவர் ஆட்கள் உதவி கேட்டு மட்சுமேயிடம் போனார்கள். திரும்பும் வழியில் தூதர் இறந்தார். அம்மையால் இறந்தார் என்கிறார்கள், ஆனால் ஜப்பானியர் விஷம் வைத்தார்கள் என்று செய்தி பரவியது. அதுவே பகையாளிகளையும் ஒன்றுசேர்த்தது.

1669இல் கிழக்கிலும் மேற்கிலும் ஒரே சமயத்தில் ஐனு மக்கள் எழுந்து வணிகக் கப்பல்களையும் தங்கம் அரிப்பவர்களையும் தாக்கினார்கள். துப்பாக்கிகளோடு வந்த மட்சுமே படையை விஷ அம்புகளால் வெகுநாள் தடுக்க முடியவில்லை. சமாதானம் பேசலாம் என்று மட்சுமே தரப்பினர் அழைத்தார்கள். ஷகுஷாயின் போனார். பேச்சு முடிந்து நடந்த மது விருந்தில் அவரைக் கொன்றார்கள். ஷிபுச்சாரியில் ஆற்றை நோக்கிய குன்றின் மேல் இருந்த அவருடைய கோட்டையையும் எரித்தார்கள்.

ஷிசுனையின் மவுதா பூங்காவில், அந்தக் கோட்டை இருந்த இடத்தருகே, ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 23 அன்று அவருக்கான சடங்கு நடக்கிறது. ஹொக்கைடோவின் பல ஊர்களிலிருந்தும் ஐனு மக்கள் வந்து சேர்கிறார்கள். 1970இல் வைத்த சிலை பழுதானதால் 2018இல் அதை அகற்றிப் புதியதை வைத்தார்கள். பழைய சிலையை எடுத்ததில் பலருக்கு வருத்தம் உண்டு.

ஒன்று கவனிக்க வேண்டும். சடங்கில் கையாளும் அரக்குக் கிண்ணங்களும் பெட்டிகளும் ஜப்பானியரிடமிருந்து வணிகத்தில் வந்தவை. எந்த வணிகத்தின் அநியாயத்துக்காக ஷகுஷாயின் எழுந்தாரோ, அதே வணிகத்தில் வந்த கிண்ணத்தில்தான் அவருக்கு மது வார்க்கிறார்கள். ஐனு வீடுகளில் அவை தலைமுறை தலைமுறையாகக் காத்த செல்வம். கமுய்களுக்கு முன்னால் வைக்கத் தகுந்த பொருள்.

நொக்கமாப்பு இச்சர்பா என்பது என்ன?

எனக்குத் தெரிந்து ஐனு நினைவுச் சடங்குகளில் மிகக் கனமானது இதுதான்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மட்சுமே நிர்வாகம் குனஷிர் தீவையும் எதிர்க்கரையான மெனாஷியையும் ஹிடாயா என்ற வணிகக் குடும்பத்துக்குக் குத்தகைக்கு விட்டது. அவர்கள் ஐனு மக்களை மீன் உரம் காய்ச்சும் வேலையில் பிழிந்தார்கள். குளிர்காலத்துக்கு மீன் சேர்க்க நேரம் இல்லை, கூலியும் வயிற்றுக்குப் போதவில்லை. வேலை செய்யாவிட்டால் விஷம் வைத்துக் கொன்றுவிடுவோம் என்று மிரட்டினார்கள். ஜப்பானியர் கொடுத்த மதுவைக் குடித்த ஒரு தலைவரும், அவர்கள் கொடுத்த உணவைச் சாப்பிட்ட ஒரு பெண்ணும் அடுத்தடுத்து இறந்ததும் இளைஞர்கள் பொறுக்கவில்லை. 1789 மே மாதம் குனஷிரில் 22 பேரையும் மெனாஷியில் 49 பேரையும், ஆக 71 ஜப்பானியரைக் கொன்றார்கள்.

மட்சுமே படை புறப்பட்டது. குனஷிரின் மூத்த தலைவர் ட்சுகினோயே, அக்கெஷியின் இகோதோய் போன்றவர்கள், போர் மூண்டால் ஊரே அழியும் என்று இளைஞர்களைப் பேசி ஆயுதத்தைக் கீழே வைக்கச் செய்தார்கள். நெமுரோவுக்கு அருகே நொக்கமாப்பில் விசாரணை நடந்தது. 37 பேருக்கு மரண தண்டனை. அவர்களில் ட்சுகினோயேவின் மகனும் ஒருவன். ஒவ்வொருவராக வெளியே கொண்டுவந்து தலையை வெட்டத் தொடங்கினார்கள். சிலரைக் கொன்றதும், அடைபட்டிருந்தவர்கள் ஒரே குரலில் பெவுதாங்கே எழுப்பினார்கள். ஆபத்து வரும்போது கமுய்களை அழைக்க எழுப்பும் நீண்ட அலறல் அது. சிறை ஆடத் தொடங்கியது. படையினர் உள்ளே துப்பாக்கியால் சுட்டார்கள், வெளியே பாய்ந்தவர்களை ஈட்டியால் குத்தினார்கள். தலைகளை உப்பிட்டு மட்சுமேவுக்கு எடுத்துப் போனார்கள்.

மறு ஆண்டு மட்சுமேவின் ஓவியர் ககிசாகி ஹக்கியோ, படைக்கு ஒத்துழைத்த 12 ஐனு தலைவர்களைப் பட்டாடையோடு வரைந்தார். அந்தத் தொகுதியின் 11 ஓவியங்கள் இன்று பிரான்சின் பெசான்சோன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ட்சுகினோயேவும் அதில் இருக்கிறார். மகனை இழந்த மனிதரை வெற்றிச் சின்னமாக வரைந்த அந்தப் படத்தை அழகுக்காக மட்டும் பார்க்க முடியாது. அவரைத் துரோகி என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் எஞ்சியவர்களைக் காப்பாற்ற அன்று வேறு வழி இருந்ததா என்று கேட்டால் என்னால் இருந்தது என்று சொல்ல முடியவில்லை.

1974 முதல் ஆண்டுதோறும் செப்டம்பரில் நொக்கமாப்பு முனையில் இச்சர்பா நடக்கிறது. 37 பேருக்கும் இனாவ் வைத்து, உணவு தூவி, மது வார்க்கிறார்கள். கொல்லப்பட்ட 71 ஜப்பானியரையும் அங்கே சேர்த்தே நினைக்கிறார்கள். கொஞ்ச தூரத்தில் நொசாப்பு முனையில் அந்த ஜப்பானியருக்காக 1812இல் செதுக்கிய பழைய கல் ஒன்று உண்டு. அது ஐனு மக்களைக் கொடியவர்கள் என்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பவர்களுக்கு, யார் யாரை எப்படி நினைவுகூர்கிறார்கள் என்பது விளங்கிவிடும்.

இவர்களுக்கு முன்பும் போர் நடந்ததா?

1457இல் கோஷமாயின் என்ற தலைவர் தெற்கு ஹொக்கைடோவில் ஜப்பானியரின் கோட்டைகளை அடுத்தடுத்துப் பிடித்தார். ஒரு கத்தியின் தரமும் விலையும் குறித்து எழுந்த சண்டையில் ஜப்பானியக் கொல்லன் ஓர் ஐனு இளைஞனைக் குத்திக் கொன்றதுதான் தொடக்கம். கோஷமாயினைக் கொன்ற தகேதா நொபுஹிரோவின் வழியில் வந்தவர்கள்தான் பிற்காலத்து மட்சுமே குடும்பம். கோஷமாயினுக்கும் நினைவுச் சடங்கு நடத்துகிறார்கள்.

வாள் நடனம் போர் நடனம்தானே?

எமுஷ் ரிம்செ என்ற அந்த நடனத்தில் ஆண்கள் வாளை வாளோடு மோதி, தரையை மிதித்து, கூவுவார்கள். எதிரியை வெட்டும் பயிற்சி அல்ல அது. தீய சக்திகளை விரட்டுவது. ஐனு சடங்கு வாள்களில் பலவற்றுக்குக் கூர்மையே இருக்காது. யாராவது கரடியால் இறந்தாலோ தண்ணீரில் மூழ்கினாலோ ஆண்கள் வாளை உருவிக்கொண்டு வரிசையாக மிதித்து நடக்க, பெண்கள் பின்தொடரும் பழைய வழக்கமும் இருந்தது. ஐனு நடனங்கள் 2009இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தன.

கல்லறைக்குப் போய் வழிபடுவார்களா?

மரபுப்படி இல்லை. அடக்கம் செய்து, தலைமாட்டில் மரக்கம்பம் நட்டபின் அங்கே திரும்பப் போவதில்லை. கம்பம் மக்கி மண்ணாகும். முன்னோரோடு பேசுவது வீட்டின் அடுப்பிலும் வெளியே இருக்கும் பலிமேடையிலும்தான். மூத்த பெண் இறந்தால் வீட்டையே எரித்து, மறுஉலகில் அவளுக்கு வீடு அனுப்பும் வழக்கமும் இருந்தது. 1871இல் ஜப்பானிய நிர்வாகம் அதைத் தடை செய்தது.

ஆள் போகாத இந்தக் கல்லறைகள் ஆய்வாளர்களுக்கு வசதியாகிவிட்டன. 19ஆம் நூற்றாண்டிலிருந்தே எலும்புகளைத் தோண்டி எடுத்தார்கள். 1930களில் ஹொக்கைடோ பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் இதைப் பெரிய அளவில் செய்தார்கள். மண்டை ஓட்டை அளந்து இனத்தை வகைப்படுத்தும் காலம் அது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் பல்கலைக்கழக அலமாரிகளுக்குப் போயின. பேரப்பிள்ளைகள் கேட்டும் கிடைக்கவில்லை. வழக்குப் போட்ட பிறகு 2016இல் சமரசம் ஏற்பட்டு, உரகாவா நகரின் கினேவுசு ஊருக்கு 12 பேரின் எலும்புகள் திரும்பின; பழைய முறைப்படி சடங்கு செய்து மறுபடி மண்ணில் வைத்தார்கள். 1879இல் சப்போரோவில் ஒரு ஜெர்மானியப் பயணி திருடிய மண்டை ஓடு 2017இல் திரும்பியது. 2023இல் ஆஸ்திரேலியா நான்கு பேரின் எச்சங்களைத் திருப்பிக் கொடுத்தது.

ஊருக்குத் திரும்பாதவர்களை ஷிராவோய் நகரில் 2020இல் திறந்த உபோபோய் வளாகத்தின் நினைவிடத்தில் வைத்திருக்கிறார்கள். அங்கேயும் சடங்கு நடக்கிறது. ஆனால் அலமாரியிலிருந்து எடுத்து இன்னொரு கட்டடத்தில் வைப்பது திருப்பித் தருவதாகுமா என்று கேட்கும் ஐனு மக்கள் பலர். அவர்கள் கேட்பது நியாயம். எடுத்த மண்ணுக்கே அந்த எலும்புகள் போக வேண்டும்.

போரில் சாகாமல், அரசின் செயலால் இறந்தவர்களுக்கும் சடங்கு உண்டா?

உண்டு. 1875இல் ரஷ்யாவோடு எல்லையை மாற்றிக்கொண்டபோது சகலினிலிருந்து 841 ஐனு மக்களை ஹொக்கைடோவுக்குக் கொண்டுவந்து, பிறகு இன்றைய எபெட்சு நகரில் குடியேற்றினார்கள். காலராவிலும் அம்மையிலும் முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களுக்காக எபெட்சுவில் ஆண்டுதோறும் நினைவுச் சடங்கு நடக்கிறது. 1872இல் டோக்கியோவுக்குப் படிக்கவென்று கொண்டுபோனவர்களில் ஊர் திரும்பாமல் இறந்தவர்களுக்காக ஷிபா பூங்காவில் 2003 முதல் இச்சர்பா செய்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படையில் இறந்த ஐனு வீரர்கள்?

1945 ஒக்கினாவா சண்டையில் ஹொக்கைடோவிலிருந்து போன பத்தாயிரம் பேருக்கு மேல் மடிந்தார்கள். அவர்களில் ஐனு இளைஞர்களும் இருந்தார்கள். ஒக்கினாவாவின் இதோமான் நகரில் மயெஹிரா ஊரில் 1966இல் எழுப்பிய தூணின் பக்கத்தில் ஐனு மொழிச் சொற்கள் பொறித்திருக்கின்றன. ஊர் மக்களும் வீரர்களும் பிரித்தறிய முடியாமல் கலந்துகிடந்த எலும்புகளுக்கான இடம் அது.

கரடியைப் பலியிடும் சடங்கு இன்னும் நடக்கிறதா?

இயோமந்தே என்ற அந்தச் சடங்கில் குட்டியாகப் பிடித்து வளர்த்த கரடியின் உயிரைக் கமுய் உலகத்துக்குத் திருப்பி அனுப்புவார்கள். 1955இல் ஹொக்கைடோ ஆளுநர் அலுவலகம் சுற்றறிக்கை மூலம் தடுத்தது. 2007இல் அந்தச் சுற்றறிக்கை விலக்கப்பட்டது. இன்று மிக அரிது.

இந்தச் சடங்குகள் இடையறாமல் தொடர்ந்து வந்தவையா?

சில குடும்பங்களில் வெளியே தெரியாமல் தொடர்ந்தன. பல ஊர்களில் அறுந்தன. 1899 சட்டம் அவர்களை விவசாயிகளாகவும் ஜப்பானியராகவும் மாற்றக் கொண்டுவந்தது, 1997இல்தான் ரத்தானது. 2019 சட்டத்தில்தான் பூர்வகுடிகள் என்ற வார்த்தை ஏறியது. எனவே இன்று வேண்டுதல் சொல்லும் பலர், பழைய ஒலிப்பதிவுகளையும் பெரியவர்களின் நினைவையும் வைத்துப் பெரியவர்களான பிறகு கற்றவர்கள். காகிதத்தைப் பார்த்துப் படிப்பவர்களும் உண்டு. அதைப் போலி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பறித்ததைத் தேடி எடுத்துச் செய்கிறார்கள்.

இன்னும் தடைகள் உண்டு. ஆற்றில் சால்மன் பிடிக்க, அது சடங்குக்காக இருந்தாலும், ஹொக்கைடோ நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். உரஹோரோ நகரின் ரபோரோ ஐனு அமைப்பு, ஆற்றில் மீன்பிடிப்பது எங்கள் உரிமை என்று வழக்குப் போட்டது. சப்போரோ மாவட்ட நீதிமன்றம் 2024 ஏப்ரலில் அதைத் தள்ளுபடி செய்தது.

வெளியாட்கள் போய்ப் பார்க்கலாமா?

ஷிசுனை சடங்கு போன்றவற்றுக்கு வெளியாட்களும் வருகிறார்கள். குடும்பச் சடங்குக்கு அழைப்பு இல்லாமல் போகக் கூடாது. முன்கூட்டியே உள்ளூர் ஐனு சங்கத்திடமோ நகர அலுவலகத்திடமோ கேட்டுவிடுங்கள். வேண்டுதல் நடக்கும்போது படம் எடுக்கலாமா என்று கேட்டுத்தான் எடுக்க வேண்டும். ஐனு வீட்டில் அடுப்புக்கு எதிரே ஒரு சன்னல் இருக்கும். கமுய்கள் வரும் வழி அது. வெளியிலிருந்து அதன் வழியே எட்டிப் பார்ப்பது பெரிய மரியாதைக் குறைவு. அடுப்புக்கும் அந்தச் சன்னலுக்கும் நடுவே குறுக்கே போகாதீர்கள். கிண்ணத்தை உங்களிடம் நீட்டினால் இரு கையாலும் வாங்குங்கள். குடிக்காதவர் என்றால் மரியாதையாகச் சொல்லிவிடலாம், வற்புறுத்த மாட்டார்கள். நடனத்தின் கடைசியில் எல்லோரையும் வட்டத்துக்கு அழைப்பதுண்டு. அழைத்தால் தயங்காமல் சேர்ந்துகொள்ளுங்கள். செப்டம்பரில் நெமுரோ முனையில் கடல்காற்று குளிரும், ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.